ஆற்றுக்குப் பூட்டுப் போட்டது யார்?

2020ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் தேதி இரவு, அன்றைய பிரதமர் முஹிடின் யாசின் தொலைக்காட்சியில் தோன்றி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தார். மார்ச் 18ஆம் தேதி முதல் மலேசியா வீட்டுக்குள் அடைந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, ஆலயக் கதவுகள் சாத்தப்பட்டன, கடைவீதிகள் வெறிச்சோடின. இவை எல்லாருடைய நினைவிலும் இருக்கின்றன. அதே நாளில் ஆறுகளும் மூடப்பட்டன என்பதை மட்டும் பலர் மறந்துவிட்டார்கள்.

ஈப்போவுக்குத் தெற்கே உள்ள கோப்பேங் வட்டாரத்தில், கம்பார் ஆற்றின் பாறைகளுக்கிடையே காற்றடைத்த ரப்பர் படகில் சவாரி செய்ய வார இறுதிதோறும் வெளியூர்க் கூட்டம் வரும். தாப்பா பக்கம் குவாலா வோ, லாத்தா கிஞ்சாங், லாத்தா இஸ்கண்டார் என்று குளிக்கும் இடங்களும் அருவிகளும் உண்டு. பள்ளி விடுமுறையில் சோற்றுப் பானையும் பாயுமாகக் குடும்பங்கள் வந்து இறங்கும் இடங்கள் இவை. ஆணை வந்ததும் படகுகள் கொட்டகைக்குள் போயின, கடைகளுக்குத் திரை விழுந்தது. ஆறு மட்டும் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தது.

ஆற்றுக்குப் பூட்டுப் போட முடியுமா? முடியும் என்கிறது பேராக் மாநிலத்தின் வரலாறு. எழுபது, எண்பது ஆண்டுகளுக்குள் அந்த ஆறுகளுக்கு மூன்று முறை பூட்டு விழுந்திருக்கிறது. முதல் பூட்டு அவசர காலத்தில் விழுந்தது. மற்றொன்று தொற்றுநோய்க் காலத்தில் விழுந்தது. இவை இரண்டும் திறந்துவிட்டன. இடையில் விழுந்த இன்னொன்று இன்றுவரை திறக்கவில்லை. அது தோட்டத் தமிழர்களுக்கு விழுந்த பூட்டு.

ஆறு யாருக்குச் சொந்தம்?

பூட்டைப் பற்றிப் பேசுமுன் வீட்டுக்காரர் யார் என்று தெரிய வேண்டும். 1920ஆம் ஆண்டின் நீர்நிலைச் சட்டம் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் மாநிலங்களுக்காகப் பிரிட்டிஷார் காலத்தில் வந்தது. மாநிலத்தின் ஆறுகள் அனைத்தும் அம்மாநில ஆட்சியாளரின் உடைமை, அவருடைய கட்டுப்பாட்டில் உள்ளவை என்று அது சொல்கிறது. ஆற்றின் இரு கரையிலும் ஆயிரம் ஏக்கர் வைத்திருக்கும் கம்பெனியானாலும், ஆறு தன்னுடையது என்று அது சொல்லிக்கொள்ள முடியாது.

சுதந்திரத்திற்குப் பின்னும் அந்த நிலை மாறவில்லை. கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணை அதிகாரங்களைப் பங்கிடுகிறது. ஒரே மாநிலத்துக்குள் பிறந்து அதே மாநிலத்துக்குள் கடலில் சேரும் ஆறு, கூட்டரசின் ஆறுகள் பட்டியலில் சேராது. ஏறத்தாழ 400 கிலோமீட்டர் ஓடும் பேராக் ஆறு தீபகற்பத்தில் பகாங் ஆற்றுக்கு அடுத்த நீளமான ஆறு. அதுவும் அதன் கிளையான கிந்தாவும் பேராக் எல்லையைத் தாண்டுவதே இல்லை. ஆகவே அவை மாநிலத்தின் ஆறுகள்.

ஆனால் 2020இல் அந்த ஆறுகளை மூடியது மாநிலம் அல்ல. கூட்டரசின் 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம்தான் மூடியது. ஆறு ஒருவர் கையில், பூட்டு இன்னொருவர் கையில் என்ற நிலை அப்போது உருவானது.

பணம் நின்றால் படகு நிற்கும் நாடு

அரசாங்கம் ஆற்றை மூடுவது என்றதும் உலகம் அமெரிக்காவைத்தான் நினைக்கும். அங்கே மூடுவதற்குக் காரணம் நோயோ போரோ அல்ல, பணம். ஆண்டுச் செலவுக்கு நாடாளுமன்றம் குறித்த நாளுக்குள் ஒப்புதல் தராவிட்டால், அரசாங்க இலாகாக்கள் செலவு செய்யக்கூடாது என்பது 19ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் சட்டம். 1980இல் தலைமைச் சட்ட அதிகாரியாக இருந்த பெஞ்சமின் சிவிலெட்டி அதற்குக் கண்டிப்பான விளக்கம் கொடுத்தார். அதன்பிறகு ஒப்புதல் தவறினால் இலாகாக்கள் கதவடைப்பது வழக்கமாயிற்று.

2013 அக்டோபர் 1ஆம் தேதி தொடங்கிய மூடல் 16 நாள் நீடித்தது. கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு வழியே பாயும் கொலராடோ ஆற்றில் சொந்தப் படகில் பயணம் போக, குலுக்கல் முறையில் அனுமதி பெற வேண்டும். அப்படி அதிர்ஷ்டம் அடித்து, விடுப்பு எடுத்து, வாரக்கணக்கான உணவுப் பொருளுடன் வந்து சேர்ந்தவர்கள், லீஸ் ஃபெரி என்ற படகுத்துறையிலேயே தடுக்கப்பட்டார்கள். ஆற்றில் தண்ணீர் இருந்தது, கையில் அனுமதிச் சீட்டு இருந்தது. சீட்டைப் பார்த்து வழிவிடும் அதிகாரிக்குச் சம்பளம் இல்லை, ஆகவே வழியும் இல்லை.

அப்போது அரிசோனா மாநிலம் ஒரு காரியம் செய்தது. பூங்காவைத் திறந்து வைக்க ஏழு நாளுக்கு 651,000 டாலர் தருகிறோம் என்று மத்திய அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அக்டோபர் 12ஆம் தேதி வாசல் திறந்தது. அடுத்து 2018 டிசம்பரில் தொடங்கி 35 நாள் நீடித்த மூடலிலும் அரிசோனா பணம் கொடுத்துக் கிராண்ட் கேன்யனைத் திறந்தே வைத்தது. 2025இல் அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள் நீடித்த மூடல், அந்நாட்டின் வரலாற்றில் அதுவரை காணாத நீளம்.

மலேசியாவில் இப்படி நடக்குமா? நடக்காது. வெஸ்ட்மின்ஸ்டர் முறையில் வரவு செலவுத் திட்டம் தோற்றால் விழுவது அரசாங்கம்தான், இலாகா அல்ல. இடைக்காலத்தில் தேவைப்படும் பணத்துக்கு நாடாளுமன்றம் ஒப்புதல் தர அரசியலமைப்பின் 102ஆவது விதியில் வழி இருக்கிறது. 2020 டிசம்பர் 15ஆம் தேதி வரவு செலவுத் திட்டம் 111க்கு 108 என்று மூன்றே வாக்கு வித்தியாசத்தில் தப்பியபோது, நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது பிரதமரின் நாற்காலியைத்தான். வன இலாகா ஊழியரின் சம்பளத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

அடுத்த மாதமே, 2021 ஜனவரி 12ஆம் தேதி, அவசரநிலை அறிவிக்கப்பட்டு நாடாளுமன்றம் கூடுவது நின்றது. ஆகஸ்டு முதல் தேதி வரை அந்நிலை நீடித்தது. இரு நாட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விசித்திரம் புரியும். அமெரிக்காவில் நாடாளுமன்றம் இருந்தது, பணம் நின்றது. மலேசியாவில் நாடாளுமன்றம் நின்றது, பணம் ஓடியது. இரண்டு இடத்திலும் ஆற்றங்கரையில் நின்றவனுக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான்: திரும்பிப் போ.

முள்வேலிக்கு அப்பால் போன ஆறு

பேராக் மக்களுக்கு இந்தப் பதில் புதிதல்ல. 1948 ஜூன் 16ஆம் தேதி காலை, சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து அவசர காலம் அறிவிக்கப்பட்டு, சில நாள்களில் மலாயா முழுவதற்கும் விரிந்தது. அது முடிந்த நாள் 1960 ஜூலை 31. பன்னிரண்டு ஆண்டுகள்.

1950இல் வந்த பிரிக்ஸ் திட்டம், காட்டோரத்தில் சிதறி வாழ்ந்த சீனக் குடும்பங்களைப் புதுக்கிராமங்களில் குடியேற்றியது. தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்கள் ஒரே இடத்தில் சேர்க்கப்பட்டு, முள்வேலி போடப்பட்டது. காட்டில் இருந்தவர்களுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்பது இராணுவத்தின் கணக்கு. அதனால் வாசலில் சோதனை நடந்தது. அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. கடையில் விற்கும் தகர டப்பாவில் ஓட்டை போட்டே கொடுத்தார்கள், பதுக்கி வைக்க முடியாதபடி. பால்வெட்டப் போகிறவர் பகல் உணவைக் கொண்டுபோகக்கூட பல இடங்களில் தடை இருந்தது.

அதற்கு முன் தோட்டத்து வாழ்க்கையில் ஆறு என்னவாக இருந்தது? பால்மரக் காட்டில் விடியுமுன் தொடங்கும் வேலை நண்பகலில் முடியும். அதன்பின் துணி துவைப்பது, குளிப்பது, தூண்டில் போடுவது, பிள்ளைகள் கரையிலிருந்து குதித்து நீந்திப் பழகுவது எல்லாம் ஆற்றில்தான். காசு செலவில்லாத ஒரே பொழுதுபோக்கு அது. திருவிழாவுக்குக் கரகம் சோடித்து எடுத்துவருவதும் ஆற்றங்கரையிலிருந்து. கருமாதி முடித்துத் தலைமுழுகுவதும் அங்கேயே. ஈப்போவில் புந்தோங் பகுதி பாரி ஆற்றங்கரைக்கும் கல்லுமலைத் தைப்பூசத்துக்கும் உள்ள தொடர்பு இந்தப் பழக்கத்தின் நகரத்து வடிவம்.

முள்வேலி விழுந்ததும் ஆறு வேலிக்கு அப்பால் போய்விட்டது. ஊரடங்கு நேரத்தில் வெளியே நடமாடினால் சுடப்படும் அபாயம் இருந்தது. மாலைக் குளியல் லயத்துக் குழாயடிக்குச் சுருங்கியது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு, ஆறு என்றால் போகக்கூடாத இடம் என்பதே முதல் பாடம்.

ஆனாலும் அந்தப் பூட்டு கெசட்டில் வந்த பூட்டு. அதற்குத் தொடக்க நாள் இருந்தது, முடிவு நாளும் இருந்தது. 1960க்குப் பிறகு வேலி பிரிந்தது, மக்கள் மறுபடியும் ஆற்றுக்குப் போனார்கள்.

2020இல் கை நனைந்தவர் யார்?

தொற்றுநோய்க் காலப் பூட்டும் அதேபோல் நாள் குறித்து வந்தது. 2020 ஜூன் 10ஆம் தேதி உள்நாட்டுப் பயணம் அனுமதிக்கப்பட்டதும் கோப்பேங் பக்கம் வண்டிகள் திரும்பின. மகிழ்ச்சி நீடிக்கவில்லை. நவம்பரில் கட்டுப்பாடு வந்தது, டிசம்பரில் தளர்ந்தது. 2021 ஜனவரி 13ஆம் தேதி மாநிலம் விட்டு மாநிலம் போகத் தடை வந்தது. அது அக்டோபர் 11ஆம் தேதி வரை, ஏறக்குறைய ஒன்பது மாதம் நீடித்தது. அந்த ஜனவரி 28ஆம் தேதி வந்த தைப்பூசத்தில் காவடியும் பால்குடமும் அனுமதிக்கப்படவில்லை.

பூட்டு நியாயமானது என்பதில் ஐயமில்லை. உயிர் முக்கியம். ஆனால் பூட்டிய காலத்தில் யாருக்கு என்ன கிடைத்தது என்று பார்ப்பதும் வரலாற்றின் வேலை. 2020 பிப்ரவரியில் வந்த முதல் உதவித் தொகுப்பில் டாக்சி ஓட்டுநர், சுற்றுலாப் பேருந்து ஓட்டுநர், சுற்றுலா வழிகாட்டி ஆகியோருக்கு ஒருமுறை 600 வெள்ளி. பதிவும் உரிமமும் உள்ளவர்களுக்கு அது. மார்ச்சில் சம்பள உதவித் திட்டம் வந்தது. அது முதலாளியின் பெயரில், சொக்சோ சந்தா கட்டும் தொழிலாளிக்கு. வேலை இழந்தவருக்கு உதவும் வேலைக் காப்புறுதித் திட்டம் 2018 முதலே நடப்பில் இருக்கிறது. அதற்கும் முதலாளி ஒருவர் வேண்டும்.

ஆற்றோரத்தில் முதலாளி யார்? வார இறுதியில் மட்டும் துடுப்புப் பிடிக்கும் இளைஞனுக்கு அன்றன்று கூலி. வாகனம் நிறுத்த இடம் காட்டும் முதியவருக்கு இரண்டு வெள்ளி, மூன்று வெள்ளி. வறுத்த மீயும் தேநீரும் விற்கும் அம்மாவுக்குச் சந்தாப் புத்தகம் இல்லை. மலையில் ரப்லேசியா மலர் பார்க்க அழைத்துச் செல்லும் உலு கெரோ செமாய் பூர்வக்குடியினர், நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள் அல்ல. இவர்களில் குடும்ப வருமானம் 4,000 வெள்ளிக்கு உட்பட்டவர்களுக்கு, எல்லாருக்கும் போல 1,600 வெள்ளி தேசிய உதவித்தொகைக்கு வழி இருந்தது. ஆற்றில் உழைத்தவர் என்பதற்காகத் தனியே எதுவும் இல்லை.

இங்கேதான் ஒரு பாடம் தெரிகிறது. பூட்டு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விழுகிறது. உதவி, கையில் காகிதம் உள்ளவனுக்கு மட்டும் வருகிறது. அரிசோனாவில் ஒரு மாநில அரசே பணப்பையுடன் வந்து நின்றது. கம்பார் ஆற்றுக்கு அப்படி யாரும் வந்து நிற்க இயலவில்லை. அங்கு பூட்டியது பணமின்மை அல்ல, ஆணை.

அறிவிப்பே இல்லாத பூட்டு

அந்த இரு பூட்டுகளுக்கும் நடுவில் விழுந்ததுதான் மூன்றாவது பூட்டு. அதை எந்தப் பிரதமரும் தொலைக்காட்சியில் அறிவிக்கவில்லை.

சுதந்திரத்தை ஒட்டி ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். வேலையும் லயமும் ஒன்றாகப் போயின. துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே, பாட்டாளிகள் சிறுகச் சேர்த்த பணத்தில் தோட்டங்களை வாங்கி அந்தத் துண்டாடலைத் தடுக்கத்தான். அவர் சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தர். பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. மக்கள் ஈப்போவின் ஓரங்களுக்கும் மலிவு விலை அடுக்ககங்களுக்கும் நகர்ந்தார்கள்.

கணக்குப் பார்த்தவர்கள் வேலையை எண்ணினார்கள், வீட்டை எண்ணினார்கள், தமிழ்ப்பள்ளியை எண்ணினார்கள், கோயிலை எண்ணினார்கள். இழப்பீட்டுப் பேச்சுவார்த்தையில் ஆற்றை யாரும் எண்ணவில்லை. அது எந்தப் பட்டாவிலும் இல்லாத சொத்து. தோட்டத்து வாசலில் சங்கிலி விழுந்தபோது, அந்த ஆற்றுக்குப் போகும் மண் பாதைக்கும் சேர்த்தே விழுந்தது. சட்டப்படி ஆறு மாநிலத்துடையது. ஆனால் அங்கே போய்ச் சேரும் வழி கம்பெனி நிலத்தில். ஆண்டுக்கொரு முறை பழைய தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குத் திரும்பி வருகிறவர்கள், கரகம் எடுக்க ஆற்றங்கரைக்குப் போகக் காவலரிடம் அனுமதி கேட்டு நிற்கும் நிலை இப்படித்தான் வந்தது.

பத்து காஜா அருகே ராயா ஆற்றோரம் நிற்கும் கெல்லி மாளிகை இதற்கு ஒரு சாட்சி. ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித், கிந்தா கெல்லாஸ் தோட்டத்தில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களைக் கொண்டு கட்டிய மாளிகை அது. 1918 வாக்கில் விஷக் காய்ச்சல் பரவித் தொழிலாளர்கள் மாண்டபோது, அவர்கள் வேண்டிக்கொண்டபடி அவர் மாரியம்மன் கோயில் எழுப்பினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. 1926இல் அவர் லிஸ்பனில் இறந்தார், மாளிகை முடியாமலே நின்றது. இன்று நுழைவுச் சீட்டு வாங்கி மாளிகையைப் பார்க்கலாம். தோட்டம் இல்லை, தோட்டத்து மக்கள் இல்லை. ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது. சுற்றுலாவுக்கு வருகிறவர் பாலத்தின் மேலிருந்து அதைப் படம் பிடிக்கிறார்.

திறந்தே இருக்க வேண்டும் என்பதல்ல

ஆற்றை ஒருநாளும் மூடக்கூடாது என்று வாதிடுவது பேராக்கில் எடுபடாது. 1996 ஆகஸ்டு 29ஆம் தேதி மாலை, கம்பார் அருகே போஸ் டிப்பாங் பூர்வக்குடிக் கிராமத்தில், கனமழைக்குப் பின் மலையிலிருந்து சேறும் மரங்களும் ஆற்றோடு புரண்டு வந்தன. 44 உயிர்கள் போயின. மேலே பெய்த மழை கீழே குளிப்பவருக்குத் தெரிவதில்லை. மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயர்' என்று சொல்லும் திடீர் வெள்ளம் சில நிமிடங்களில் வந்து சேரும். மழைக்காலத்தில் வன இலாகா அருவிகளை மூடினால் அதை மதிக்க வேண்டும். அந்தப் பூட்டுக்குக் காரணம் இருக்கிறது, மழை ஓய்ந்தால் முடியும் நாளும் இருக்கிறது.

காரணமும் முடிவு நாளும் இல்லாத பூட்டைப் பற்றித்தான் கேள்வி. அதற்குச் சாவி எங்கே?

சாவி சட்டத்திலேயே இருக்கிறது. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தொகுப்பு, 62ஆவது பிரிவின்கீழ், அரசாங்க நிலத்தைப் பொதுக் காரியத்துக்கென்று கெசட்டில் ஒதுக்க மாநிலத்துக்கு அதிகாரம் தருகிறது. ஆற்றோர நிலத்தையும் அப்படி ஒதுக்கலாம். எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டி சொல்கிறது. 40 மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஆற்றுக்கு ஒவ்வொரு கரையிலும் 50 மீட்டர். 20 முதல் 40 மீட்டர் வரை அகலமுள்ளதற்கு 40 மீட்டர். 10 முதல் 20 வரை என்றால் 20 மீட்டர். 5 முதல் 10 வரை என்றால் 10 மீட்டர். அதற்கும் சிறிய ஓடைக்கு 5 மீட்டர். ஆனால் வழிகாட்டி வேறு, கெசட் வேறு. கெசட்டில் ஏறாத கரைக்கு வழிகாட்டியின் அளவு வெறும் ஆலோசனைதான்.

கரை இருந்தால் போதாது, வழியும் வேண்டும். அதே சட்டத்தொகுப்பு, தனியார் நிலத்தின் குறுக்கே வழியுரிமை ஏற்படுத்தும் அதிகாரத்தை நில நிர்வாகிக்குக் கொடுத்திருக்கிறது. அவ்வழி சென்று சேரும் பொது இடங்களாகக் கடற்கரை, ஆறு, இரயில் நிலையம், பொதுச்சாலை ஆகியவற்றை அது குறிப்பிடுகிறது. ஆறு என்ற சொல்லைச் சட்டம் எழுதியவர்கள் மறக்கவில்லை. கேட்க வேண்டியவர்கள்தான் கேட்காமல் இருந்துவிட்டார்கள்.

தோட்டத் தமிழர்கள் பள்ளிக்காகப் போராடினார்கள், கோயில் நிலத்துக்காக மனுப் போட்டார்கள், இடுகாட்டுக்காகச் சட்டமன்ற உறுப்பினரைத் தேடி அலைந்தார்கள். ஆற்றுக்கும் ஒரு மனுப் போட இன்னும் நேரம் இருக்கிறது. பழைய தோட்டங்களில் கோயில் நிர்வாகத்தை இன்றும் கட்டிக் காக்கும் குழுக்கள், அடுத்த திருவிழாக் கூட்டத்தில் இரண்டு கேள்விகளை எழுதி மாவட்ட நில அலுவலகத்தில் கொடுத்தாலே போதும். எங்கள் கரகம் இறங்கும் அந்தக் கரை கெசட்டில் ஏறியிருக்கிறதா? அங்கே போகப் பொதுவழி பதிவாகியிருக்கிறதா?

பதில் இல்லை என்று வந்தாலும் பரவாயில்லை. பூட்டு யார் போட்டது என்று அன்றைக்காவது தெரிந்துவிடும். பிறகு சாவியை யாரிடம் கேட்பது என்பதில் குழப்பம் இராது.